வீட்டுக் கருவியும் நம் பொறுமையும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பெரிய தத்துவம் அன்று. நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் தொலைக்காட்சிப் பெட்டி, அதனோடு இணைந்த செட்-டாப் பாக்ஸ், மூலையில் விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் வைஃபை ரூட்டர் ஆகியவை காரணம் தெரியாமல் பிணங்கி நிற்கும்போது நாம் செய்ய வேண்டுவது யாது என்பதே அப்பொருள். இது அற்ப விஷயம் என்று சிலர் கருதக்கூடும். ஆயினும் பிறந்த ஊரைப் பிரிந்து, வேற்று மொழி வழங்கும் நகரில் வாழும் குடும்பத்துக்கு இது அத்துணை அற்பமன்று. நம் வீட்டிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறினால் இது விளங்கும்.

நாம் வசிப்பது டில்லியில், மூன்றாவது மாடியில். தந்தையார் காலமான பின்பு அன்னையார் கும்பகோணத்திலிருந்து நம்மோடு வந்து தங்கினார். அவருக்கு ஹிந்தி தெரியாது. ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிப்பார், பொருள் விளங்காது. வீட்டில் மற்ற இருவரும் காலை எட்டரை மணிக்குப் புறப்பட்டால் இரவு ஏழு மணிக்குத்தான் திரும்புவோம். அந்தப் பத்தரை மணி நேரமும் அவரோடு தமிழ் பேசும் துணை அந்தத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றே.

மார்கழி மாதத்தில் ஒரு நாள் மாலை நாம் வீடு திரும்பியபோது கூடத்தில் விளக்குக்கூட ஏற்றப்படவில்லை. திரையில் வரிசை வரிசையாகச் சிறு கட்டங்களும் ஆங்கிலச் சொற்களும் நின்றன. எதிரே அன்னையார் அமர்ந்திருந்தார். "காலையிலே போட்டேன், இப்படியே நின்றுவிட்டது. நான் எதையோ அமுக்கிக் கெடுத்துவிட்டேன் போலிருக்கிறது. புதிதாக வாங்கினால் என்ன விலை ஆகும்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "ஏனம்மா போன் செய்யவில்லை?" என்றால், "ஆபீஸிலே வேலையாக இருப்பாயே" என்றார். அலுவலகக் களைப்பில் நம் வாயிலிருந்து வந்த அடுத்த சொல், "தெரியாததை எதற்கம்மா தொட்டாய்?" என்பது. அவர் பதில் சொல்லாமல் எழுந்து சமையலறைக்குள் சென்றுவிட்டார்.

பிறகு பெட்டியைச் சோதித்தோம். அன்னையார் எதையும் கெடுக்கவில்லை. முந்தின இரவு, வீட்டார் உறங்கும்போது, பெட்டி இணையத்தின் வழியே தனக்குரிய புதிய மென்பொருளைத் தானே இறக்கிப் பதித்துக்கொண்டிருக்கிறது. அதுவரை பெட்டியைப் போட்டவுடன் செட்-டாப் பாக்ஸின் காட்சி நேராக வரும். புதிய மென்பொருளோ முதலில் தன் சொந்த முகப்புப் பக்கத்தைக் காட்டி நிற்கும்படி அமைந்திருந்தது. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தி, இணைப்பைத் தேர்ந்தெடுத்தவுடன் தமிழ்க்குரல் கேட்டது. அரை நிமிட வேலை. அந்த அரை நிமிட வேலைக்காக ஒரு மூதாட்டி ஒரு பகல் முழுவதும் தம்மைக் குற்றவாளியாக எண்ணிக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருந்தார்.

அன்று நாம் கற்ற பாடத்தையே இங்கே நேயர்களிடம் பகிர்ந்துகொள்கிறோம். இக்காலக் கருவிகளில் நேரும் கோளாறுகளில் பல, அவற்றைப் பயன்படுத்துவோர் செய்த தவறுகள் அல்ல. முதலில் இதை நாம் நம்ப வேண்டும். பிறகு நம் வீட்டு முதியோரை நம்பச் செய்ய வேண்டும்.

முன்காலத்து வானொலிப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். அதற்குள் கண்ணாடி வால்வுகள் இருந்தன. பெட்டி பாடாவிட்டால், பழுதுபார்ப்பவர் பின்பலகையைக் கழற்றி, எந்த வால்வு ஒளிரவில்லை, எந்தக் கம்பி அறுந்திருக்கிறது என்று கண்ணால் கண்டுவிடுவார். குறை ஒரு பொருளில் இருந்தது. இன்றைய தொலைக்காட்சிப் பெட்டியோ பெரிய திரை பொருத்திய ஒரு கணிப்பொறி. அதற்கு மூளை உண்டு; நினைவகம் உண்டு; பல லட்சம் வரிகளாக எழுதப்பட்ட கட்டளைகள் உண்டு. அந்தக் கட்டளைத் தொகுப்பே மென்பொருள். கம்பி எதுவும் அறாமலே, கட்டளையில் உள்ள ஒரு பிழையால் பெட்டி நின்றுவிடலாம். அப்பிழை கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத குறைக்கு மனிதர் தம்மையே காரணமாக்கிக்கொள்வது இயல்பு.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2008ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'ஸூன்' என்னும் இசைக் கருவிகளில் 30 ஜிகாபைட் வகையைச் சேர்ந்தவை உறைந்து நின்றுபோயின. உரியவர்கள் எந்தப் பொத்தானை அழுத்தியும் பயனில்லை. காரணம் யாதெனில், 2008 ஒரு லீப் ஆண்டு. அதற்கு 366 நாட்கள். கருவியின் கடிகாரத்தைக் கணக்கிடும் கட்டளை, 366ஆம் நாளில் முடிவுக்கு வர வழியின்றி ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தது. மின்கலம் முற்றும் தீரும்வரை விட்டுவிட்டு, புத்தாண்டு நாளில் கிரீன்விச் நேரப்படி நண்பகல் கடந்த பின் மறுபடி மின்னேற்றி இயக்குங்கள் என்பதே நிறுவனம் சொன்ன பரிகாரம். நாள் மாறியதும் நோயும் மாறியது. கருவியை வாங்கியவர் மேல் எள்ளளவும் குற்றமில்லை.

காலத்தோடு தொடர்புடைய மற்றொரு கோளாறும் உண்டு. நம் பெட்டி இணையத்தில் ஒரு நிலையத்தை அணுகும்போது, அந்நிலையம் போலியன்று என்பதை ஒரு மின்சான்றிதழைக் கொண்டு சரிபார்க்கிறது. சான்றிதழுக்குக் காலவரையறை உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று எண்ணற்ற இணையத்தளங்கள் சார்ந்திருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியாயிற்று. புதிய சான்றிதழைப் பெறாத பழைய கருவிகள் சில, முதல் நாள் வரை திறந்த தளங்களை மறுநாள் திறக்க மறுத்தன. வீட்டுப் பெட்டியின் கடிகாரம் பிழையாக இருந்தாலும் இதே தொல்லை நேரும். சரியான சான்றிதழையும் அது காலங்கடந்ததென்று தள்ளிவிடும். ஆகவே இணைய நிகழ்ச்சிகள் எதுவுமே திறக்கவில்லையென்றால், பெட்டியில் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்று பார்ப்பது நல்லது.

இனி, கோளாறு நேர்ந்தால் எவ்வாறு நடந்துகொள்வது? நாம் கைக்கொள்ளும் முறை எளியது.

முதலாவது, பார்த்து எழுதிக்கொள்ளுதல். திரையில் என்ன செய்தி வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு முன் என்ன செய்தோம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அல்லது கைப்பேசியில் திரையைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 'மார்க் 2' என்னும் கணிப்பொறி 1947 செப்டம்பர் 9ஆம் நாள் தடுமாறியபோது, அதன் மின்தொடர்புகளுக்கிடையே ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்தது. அங்கிருந்தவர்கள் அப்பூச்சியைக் குறிப்பேட்டில் ஒட்டி, நேரத்தையும் இடத்தையும் எழுதி வைத்தார்கள். அக்குறிப்பேடு இன்றும் வாஷிங்டன் நகரத்து அருங்காட்சியகத்தில் உள்ளது. பெரிய விஞ்ஞானக்கூடத்துக்கு உதவிய அப்பழக்கம் நம் வீட்டுக்கும் உதவும். வாரந்தோறும் ஒரே நேரத்தில் படம் நிற்கிறது என்பது எழுதி வைத்தவருக்கே புலப்படும்.

இரண்டாவது, குறை எந்தக் கருவியில் என்று பிரித்தறிதல். பெட்டியின் சொந்தப் பட்டியல் திறக்கிறது, ஆனால் அலைவரிசைகள் வரவில்லையென்றால், குறை செட்-டாப் பாக்ஸிலோ அதற்கு வரும் இணைப்பிலோ இருக்கலாம். கூரை மேல் வட்டத் தட்டு வைத்திருப்போர், பெருமழை பெய்யும்போது காட்சி மறைந்தால் மழை விடும்வரை பொறுத்திருக்கலாம், அது பழுதன்று. ஒரே ஓர் அலைவரிசை மட்டும் இல்லையென்றால், அது பெரும்பாலும் சந்தாவைப் பற்றிய விஷயம். 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி, விரும்பும் அலைவரிசைகளை நாமே தேர்ந்தெடுத்துப் பணம் கட்டுகிறோம். வெளிமாநிலத்தில் நமக்கு அளிக்கப்படும் தொகுப்பில் தமிழ் அலைவரிசைகள் தாமாக இடம்பெறாமற் போகக்கூடும். தொகுப்பை மாற்றும்போதெல்லாம் அவை உள்ளனவா என்று பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இணைய நிகழ்ச்சிகள் மட்டும் நின்றால், அதே வைஃபையில் கைப்பேசி வேலை செய்கிறதா என்று பாருங்கள். கைப்பேசி நன்றாக இருந்து பெட்டி மட்டும் தவித்தால், கைப்பேசியின் இணையத்தைப் பெட்டிக்குச் சிறிது நேரம் கொடுத்துப் பார்க்கலாம். அப்போது ஓடினால் ரூட்டரையும், அப்போதும் ஓடாவிட்டால் பெட்டியையும் ஐயுறலாம்.

மூன்றாவது, முழுவதும் அணைத்து மீண்டும் இயக்குதல். இதைக் கேட்டுப் பலர் நகைப்பதுண்டு. ஆனால் இதில் தக்க காரணம் இருக்கிறது. மென்பொருள் வேலை செய்யும்போது நினைவகத்தில் இடம் பிடிக்கிறது. வேலை முடிந்தபின் அவ்விடத்தைத் திருப்பித் தராமல் மறந்துவிடுவதும் உண்டு. நாளடைவில் இடம் நெருக்கடியாகி, கருவி தளர்கிறது. பல்லாங்குழிக் காய்களை வாரியெடுத்து ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்குவதைப் போல, மின்சாரத்தை நிறுத்தினால் நினைவகம் துடைக்கப்பட்டுக் கட்டளைகள் ஒழுங்காகத் தொடங்குகின்றன. ஆனால் ஒன்று: ரிமோட்டில் அணைப்பது அணைப்பதாகாது. அப்போது பெட்டி உறங்குகிறதேயன்றி நிற்பதில்லை. சுவர்ப் பொத்தானை அணைத்து, செருகியைக் கழற்றி, ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். உள்ளே எஞ்சியுள்ள மின்னூட்டம் வடிய அந்த அவகாசம் தேவை. பெட்டி, செட்-டாப் பாக்ஸ், ரூட்டர் மூன்றுக்கும் இம்முறை பொருந்தும்.

நான்காவது, ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். கோபத்தில் பத்துப் பொத்தான்களை அழுத்தினால், எது நோயைத் தீர்த்தது, எது புதிய நோயைத் தந்தது என்று ஒருவராலும் கூற இயலாது. பெட்டி புதிய மென்பொருளைப் பதித்துக்கொண்டிருப்பதாகத் திரை கூறும்போது ஒருபோதும் மின்சாரத்தை நிறுத்தலாகாது. பாதி எழுதிய கட்டளையோடு பெட்டி நின்றுவிடக்கூடும். எல்லாவற்றையும் அழித்துப் புதுப்பெட்டி நிலைக்குக் கொண்டுவரும் வசதி கடைசி மருந்து. கடவுச்சொற்கள் யாவும் கையில் உள்ளன என்று உறுதி செய்துகொண்ட பின்னரே அதைக் கையாள வேண்டும்.

மொழி மாறிப் போவதும் ஒரு தொல்லை. குழந்தைகளின் கைபட்டு, பெட்டியின் பட்டியல்கள் யாவும் நாம் அறியாத மொழிக்கு மாறிவிடுவதுண்டு. பல்சக்கரம் போன்ற சிறு சித்திரமே பெரும்பாலும் அமைப்புகளுக்கு வாயில். கைப்பேசியில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவைத் திரையை நோக்கிக் காட்டினால், எழுத்துகளைத் தமிழிலேயே படித்துக்காட்டும். எல்லாம் நன்றாக இருக்கும் நாளிலேயே முக்கியமான பட்டியல்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் சிறந்தது.

இவை எல்லாம் செய்தும் பயனில்லையெனில், உதவி நாடுகிறோம். இங்கேதான் பெரிய அபாயம் காத்திருக்கிறது. அவசரத்தில் நாம் இணையத்தில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுகிறோம். வஞ்சகர் பலர், நிறுவனங்களின் பெயரால் தம் சொந்த எண்களை அங்கே பதிந்து வைத்திருக்கிறார்கள். அழைத்தவுடன் இனிமையாகப் பேசுவார்கள். "ஒரு சிறு செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், நாங்களே இங்கிருந்து சரிசெய்து தருகிறோம்" என்பார்கள். அந்தச் செயலி நம் கைப்பேசித் திரையை அவர்களுக்கு அப்படியே காட்டிவிடும். பின்னர், "பதிவுக் கட்டணம் பத்தே ரூபாய்" என்பார்கள். பத்து ரூபாய் கட்டுவதற்காக நாம் இடும் இரகசிய எண்ணைப் பார்த்துக்கொண்டு, கணக்கில் உள்ளதனைத்தையும் சுருட்டிவிடுவார்கள். ஊர் மொழி அறியாத தனிமையும், கருவி கெட்டுவிட்டதே என்ற பதற்றமும் சேர்ந்தால் எவரும் இதில் விழக்கூடும். ஆகவே சேவை எண்ணை வாங்கிய ரசீதிலோ, கருவியோடு வந்த கையேட்டிலோ, நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ மட்டுமே காண வேண்டும். தொலைக்காட்சியைச் சரிசெய்ய எவருக்கும் நம் வங்கிக் கணக்கின் இரகசிய எண் தேவையில்லை. தப்பித்தவறிப் பணம் போய்விட்டால், ஒரு கணமும் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைத்து முறையிட வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் முறையிட்டால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

நிறுவனமே நம்மை அலைக்கழித்தால் என் செய்வது? உத்தரவாதக் காலத்துக்குள் பழுதைத் தீர்க்க மறுத்தால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. தமிழ் உட்பட 17 மொழிகளில் அங்கே குறையைப் பதியலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அதில் ஒரு முக்கியமான வசதி உண்டு. மதுரையில் வாங்கிய பெட்டிக்காக மதுரைக்கே சென்று வழக்கிட வேண்டியதில்லை. முறையிடுவோர் வசிக்கும் இடத்திலோ, தொழில் புரியும் இடத்திலோ உள்ள ஆணையத்திலேயே முறையிடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். இதற்கெல்லாம் ஆதாரம் ரசீது. முன்னே சொன்ன நோட்டுப் புத்தகத்தில் ரசீதையும் ஒட்டி வைத்தால், என்று என்ன கோளாறு நேர்ந்தது, யாரிடம் முறையிட்டோம் என்பவை யாவும் ஓரிடத்தில் இருக்கும்.

சட்டமும் முறையும் ஒருபுறம் இருக்க, வீட்டுக்குள் நாம் செய்ய வேண்டியது ஒன்று எஞ்சியிருக்கிறது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்னையாரிடம் மன்னிப்புக் கேட்டோம். ஒரு தபால் அட்டையளவு தடித்த அட்டையை எடுத்து, பெரிய தமிழ் எழுத்தில் நான்கு வரிகள் எழுதினோம். "படம் வராவிட்டால், சிவப்புப் புள்ளி வைத்த பொத்தானை அழுத்தவும். அப்போதும் வராவிட்டால், சுவர்ப் பொத்தானை அணைத்து, அறுபது எண்ணி, மீண்டும் போடவும். அப்போதும் வராவிட்டால், உடனே போன் செய்யவும். எந்த வேலையாக இருந்தாலும் எடுப்போம்." ரிமோட்டில் வேண்டிய பொத்தானுக்கு நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தோம். நாமே செய்து காட்டாமல், அவர் கையாலேயே மூன்று முறை செய்யச் சொன்னோம். அந்த வரிசை முக்கியமானது. முதியோர் கற்க இயலாதவர்கள் அல்லர். அவர்கள் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கி நாம் விரைந்து செய்துவிடுவதால்தான் கற்கும் வாய்ப்பை இழக்கிறார்கள். நூறு பேர் பந்திக்கு அளவு பார்க்காமல் சாம்பார் வைக்கத் தெரிந்த கைக்கு, இரண்டு பொத்தான்கள் பெரிதல்ல.

சில வாரங்கள் சென்றன. ஒரு நாள் நண்பகல், அலுவலகத்தில் முக்கியமான கூட்டத்தின் நடுவே கைப்பேசி ஒலித்தது. அன்னையாரின் எண். வாக்குக் கொடுத்திருந்தபடியால் வெளியே வந்து எடுத்தோம். "ஒன்றுமில்லை. காலையிலே திரை நின்றுவிட்டது. சிவப்புப் புள்ளியை அமுக்கினேன், வரவில்லை. அணைத்துவிட்டு அறுபது எண்ணினேன். வந்துவிட்டது. சொல்லலாமென்று கூப்பிட்டேன்" என்றார். குரலில் முன்பிருந்த அச்சம் இல்லை. "என்ன தேதி, எத்தனை மணி என்று நோட்டிலும் எழுதிவிட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

கருவிகள் இன்னும் பிணங்கும். அவற்றை ஆக்குவோர் பிழை செய்வர், திருத்துவர், மீண்டும் பிழை செய்வர். அதை நாம் தடுக்க இயலாது. ஆனால் வீட்டில் ஒருவர் தனியே அமர்ந்து தம்மையே நொந்துகொள்ளாதபடி தடுக்க நம்மால் இயலும். அதற்கு வேண்டுவன ஓர் அட்டை, ஒரு நோட்டுப் புத்தகம், ரசீதைப் பத்திரமாக வைக்கும் பழக்கம், இவற்றோடு சிறிது பொறுமை. நேயர்களே, உங்கள் இல்லத்திலும் இந்த வாரமே அந்த அட்டையை எழுதிப் பெட்டியின் அருகே வையுங்கள்.